அப்பாவின் சிரிப்பு இருக்கும் பெட்டி

உன் பெண் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவாள். "பொம்மைக்கு வாய் ஒட்டுறா." சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரிந்துதான் சொல்வாள். ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இடையஞ்சாவடிப் பக்கம் முந்திரித் தோப்புக்கு நடுவில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே பொம்மைகளைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பொம்மைகளைப் பேசவும் நடக்கவும் வைக்கிறோம். நான் முகங்களைக் கவனிக்கிறவள். ஒரு பொம்மைக்கு ஒரு முகம் போதாது. நகத்தளவில் வாய் வாயாகச் செய்து, பின்புறம் ஒரு சின்னக் காந்தம் பதித்து, வரிசையாகப் பெட்டியில் அடுக்கி வைப்பேன். ஒரு வாயை எடுத்துவிட்டு அடுத்ததை மாட்டினால் பொம்மை பேசும். புருவமும் இமையும் தனித்தனி.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் செய்யும் தப்பு, சிரிப்பை வாயிலிருந்து ஆரம்பிப்பது. வாயை மட்டும் அகலமாக்கினால் பொம்மை கடன்காரனைப் பார்த்ததுபோல் இளிக்கும். நான் அந்தத் தப்பைச் செய்யவில்லை. காரணம் என் சாமர்த்தியம் இல்லை, என் அப்பா. மரக்காணத்து உப்பளத்தில் வெயிலோடு வெயிலாக நின்று உப்பு வாரிய மனிதர் அவர். வெள்ளைப் பாத்தியில் அடிக்கிற வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, கண்ணோரத்தில் விசிறியாக மடிப்பு விழுந்திருக்கும். அவருக்குச் சிரிப்பு இடது கண்ணின் கீழே ஆரம்பிக்கும். பிறகு கன்னம் ஏறும். வாய் கடைசியாக, வேறு வழியில்லாமல் திறக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை ஃபோனில் வீடியோ எடுத்து, படம் படமாக நிறுத்திப் பார்த்து, மூடிய உதட்டிலிருந்து பல் தெரிவதுவரை ஒரு வரிசை வாய் செய்தேன். எந்தக் கதைக்கு எந்தப் பொம்மை செய்தாலும் சிரிப்புக்கு அந்த வரிசையைத்தான் அச்சாக வைத்துக்கொள்வேன். பொம்மைகள் எல்லாம் என் அப்பாவைப்போல் சிரித்தன.

அந்த வீடியோவில் அப்பாவின் முகம் மட்டும்தான் இருக்கிறது. அவரை அப்படிச் சிரிக்க வைத்தவள் அம்மா. கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்று, லுங்கியை நனைத்துக்கொண்டு வந்ததற்காக அவரைக் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு எனக்கு மிச்சமிருக்கிற அம்மாவின் குரல் அதுதான்.

அவர்கள் குடும்பம் நடத்திய விதமே அப்படி. அம்மா திட்டுவாள். உப்புக்கு, புளிக்கு, வாசலில் கிடக்கும் செருப்புக்கு, எல்லாவற்றுக்கும் திட்டுவாள். "யோவ்" என்றுதான் கூப்பிடுவாள். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பார். ஒரு கட்டத்தில் இடது கண் சுருங்கும். அதைப் பார்த்ததும் அம்மாவின் குரல் தடுமாறும். "சிரிக்கிறதப் பாரு" என்பாள். அத்தோடு சண்டை முடிந்தது. எங்கள் வீட்டில் எந்தச் சண்டைக்கும் வேறு முடிவை நான் பார்த்ததே இல்லை. மன்னிப்பு என்றோ சமாதானம் என்றோ யாரும் பேசியதில்லை, தேவைப்பட்டதும் இல்லை.

அப்பாவுக்கு நோய் காலில்தான் முதலில் தெரிந்தது. வரப்பில் நடக்கும்போது ஒரு கால் பின்தங்கியது. பிறகு வலது கை சும்மா இருக்கும்போதே ஆட ஆரம்பித்தது. உப்பு வாரும் பலகையைப் பிடித்தால் நேராக இழுக்க முடியவில்லை. மேஸ்திரி பக்குவமாகப் பேசி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள். முகம் போய்க்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். முகம்தானே என் பிழைப்பு. பொம்மைக்கு இமைக்க வைக்க மறந்தால் அது எதிரில் இருப்பவரை முறைப்பதுபோல் ஆகிவிடும். அப்பா இமைப்பது குறைந்திருந்தது. கண்ணோர மடிப்புகள் அப்படியே இருந்தன, ஆனால் அவை அசையவில்லை. பேச்சும் உள்ளே போய்விட்டது. காதை வாயருகே வைத்தால்தான் கேட்கும்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நடுக்குவாதம், மூளையிலிருந்து கிளம்பும் உத்தரவு தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது, முகத்திலும் தசைதானே இருக்கிறது, அதனால் அதுவும் இறுகிப்போகும். சந்தோஷம், துக்கம் எல்லாம் உள்ளே இருக்கும், வெளியே வராது என்றார். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவின் தலை சாயாமல் தோளைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நாளிலேயே வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. சத்தம் குறைந்திருந்தது. அம்மா திட்ட ஆரம்பிப்பாள். வழக்கம்போல் அந்த இடது கண்ணுக்காகக் காத்திருப்பாள். அது சுருங்காது. அப்பா இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். திட்டை எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாமல் போய்விடும். பாதியில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பிறகு ஆரம்பிப்பதையும் விட்டுவிட்டாள். ஒரு நாள் நான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போது, "சாப்புடுறீங்களா, தண்ணி வேணுங்களா" என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே அப்பாவைத் தவிர யாரும் இல்லை. என் அம்மா என் அப்பாவை 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

எதற்கு இப்படி மரியாதை கொடுக்கிறாய், நோய்தானே என்று தனியே கேட்டேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"நோவுன்னு தெரியுதுடி. டாக்டர் சொன்னதும் நல்லாத்தான் புரிஞ்சுது. ஆனா அந்த மூஞ்சியப் பாத்தா நோவுன்னு தோணலியே. எம்மேல கோவம்னுதான் தோணுது."

மனிதருக்கு முகத்தை முகமாகத்தான் படிக்கத் தெரியும். அறிவு சொன்னால் கண் கேட்காது. அதை நம்பித்தான் நான் சம்பளமே வாங்குகிறேன். பிசினில் வார்த்த ஒரு துண்டு, அதில் ஒரு வளைவு, அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் உருகிப்போகிறார்கள். அதே கண்ணோடுதான் அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

ஒரு படம் முடிந்து கொட்டகையைச் சுத்தம் செய்தபோது பழைய வாய்ப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை. அம்மா அதைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அழுகிற வாய், கூப்பிடுகிற வாய், பல்லைக் கடிக்கிற வாய் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அந்த வரிசைக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. "இது உங்கப்பா சிரிப்பாச்சே" என்றாள். நான் அதை அவளுக்குச் சொன்னதே இல்லை. நகத்தளவு வாய், கண் இல்லை, கன்னம் இல்லை. இருந்தும் கண்டுபிடித்துவிட்டாள்.

பல் தெரிகிற கடைசி வாயை எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரே போய் நின்றாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சின்ன வாயைக் கையில் தூக்கிப் பிடித்து, அவர் முகத்துக்கு நேராக வரும்படி முன்னும் பின்னும் நகர்த்தினாள்.

"ஒண்ணு மாட்டி உடேண்டி உங்கப்பாவுக்கு" என்றாள்.

நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. முழங்கால்மேல் இருந்த வலது கை மட்டும் வேகமாக ஆட ஆரம்பித்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள். "பாத்தியா, கோவம் வந்துட்டுது" என்று அவசர அவசரமாகப் பெட்டியை மூடினாள். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

ஐப்பசி மழை பிடித்தது. அந்த மழையில் உப்பளத்தில் வேலை நிற்கும், எங்கள் கொட்டகையில் காந்தம் துருப்பிடிக்கும். இந்தக் கரையில் எந்த இரும்பும் தப்பாது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின் எல்லாம் போய் இப்போது துரு என் வாய்களுக்கு வந்திருந்தது. ஒரு காட்சி பாதி எடுத்துக்கொண்டிருக்கும்போது பொம்மைப் பெண்ணின் வாய் கழன்று விழுந்தது. மாற்று வாயை எடுத்தால் அதன் பின்புறமும் பழுப்பு. எல்லாவற்றையும் பார்த்தேன். ஒட்டிக்கொள்கிற நிலையில் ஒரே ஒரு வாய் இருந்தது, மூடிய வாய். புதுக் காந்தம் வரும்வரை காத்திருக்க நேரம் இல்லை. காட்சி என்னவென்றால், கடலுக்குப் போனவன் திரும்பமாட்டான் என்ற சேதி அவளுக்கு வருகிறது. அந்த மூடிய வாயை மாட்டி, அதைத் தொடாமலே எடுக்க உட்கார்ந்தேன். இமையைக் கொஞ்சம் தாமதமாக மூடினேன். தலையை ஒரு மயிரிழை சாய்த்தேன். பிறகு கை. முந்தானை நுனியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொரு படத்துக்கும் துளித் துளியாக அசைத்து, அவளுக்கே தெரியாமல் அந்தக் கை நடுங்குவதுபோல் செய்தேன்.

ஓட்டிப் பார்த்தோம். பொம்மையின் முகம் கல்லாக இருந்தது. ஆனால் அவள் அழுகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நான் திரையில் அவள் முகத்தை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பெட்டியை அவசரமாக மூடியது ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கையைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து அரசியல் பேசினால் கை எப்போதும்போல் ஆடியது. டிவி ஓடினாலும் அப்படித்தான். அம்மா வந்து "டீ குடிக்கிறீங்களா" என்று கேட்டால் கொஞ்சம் அடங்கியது. இதை வைத்து என்ன சொல்வது என்று புரியாமல் இருந்தேன். ஒரு நாள் மத்தியானம், கழுவி வைத்த சங்கரா மீனை ஒரு பூனை கவ்விக்கொண்டு ஓடியது. அம்மா தன்னை மறந்து பின்வாசல்வரை துரத்திக்கொண்டு போய், அந்தப் பூனையின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். பழைய குரல், பழைய வேகம். அப்பாவின் கை முழங்காலில் தாளம் போடுகிற மாதிரி துள்ளியது.

நான் குனிந்து அவர் காதில் கேட்டேன். "சிரிக்கிறியாப்பா?"

அவருக்குப் பதில் வர நேரம் ஆகும். காதை அவர் வாயருகே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஆமா பாப்பா. பூனைய இன்னா திட்டு திட்றா பாரு." மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார். "என்னத் திட்டி எவ்ளோ நாளாச்சு."

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. பொம்மை வேலை செய்து செய்து உனக்கு மூளை கலங்கிவிட்டது என்றாள். ஆனால் சாயந்தரம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள். புதுப்பெண் மாதிரி அவளுக்குப் பேச்சு வரவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"யோவ். இன்னாய்யா அப்புடிப் பாக்குற? பூனை மீனத் தூக்கினு போவுது, மலை மாதிரி குந்திக்கினு இருக்கியே, சூன்னு ஒரு சத்தம் குடுத்தா உன் சொத்து கொறஞ்சிடுமா?"

கை துள்ளியது. அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, நான் சொன்னபடி கையைப் பார்த்தாள். வாய் கோணியது, கண் நிறைந்தது. "சிரிக்கிறதப் பாரு" என்றாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மறுபடி சத்தம் வந்தது. 'ங்க' போய்விட்டது. அம்மா கையைப் பார்த்துக்கொண்டே திட்டுவாள், கை ஆடியதும் நிறுத்துவாள். இதில் ஒரு சங்கடம் வந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார், கை அடங்கிப்போனது. எல்லா வீட்டிலும் சந்தோஷப்படுவார்கள். அம்மா என்னிடம் வந்து, மாத்திரையைக் குறைக்கச் சொல்லு என்று நச்சரித்தாள். அதெல்லாம் முடியாது என்றேன். கொஞ்ச நாள் யோசித்தாள். பிறகு மாத்திரையின் வேகம் இறங்குகிற நேரத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, அந்த நேரமாகப் பார்த்துத் திட்ட வந்து உட்கார்ந்தாள். மாத்திரை கொடுப்பதும் அவள்தான், திட்டுவதும் அவள்தான். அவர்கள் இரண்டு பேரும் அப்படியே கிழடாகி, நானும் கூடவே கிழவியாகிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை வெயிலில், மீன் வாங்கிக்கொண்டு வரும் வழியில் அம்மா ரோட்டில் விழுந்தாள். யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் இடையஞ்சாவடியிலிருந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மீன் பையை என் கையில் கொடுத்தார்கள். அதை நான் எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் வாசலில் பந்தல் போட்டு அம்மாவைக் கிடத்தினார்கள். புருஷன் இருக்கப் போனவள் என்று மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்தார்கள். அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்தது. அப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து அவள் பக்கத்தில் வைத்தார்கள். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்து நான் காதைக் கொண்டுபோனேன்.

"பாப்பா, உங்கம்மாவ ஒரு வாட்டி திட்டச் சொல்லு" என்றார்.

நான் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். எனக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் பேசுவதும் காதில் விழுந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே என்றார் ஒருவர். அவள் எடுத்துப்போட்டுச் செய்ததற்கு இதுதான் மிச்சம் என்றார் இன்னொருவர். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, ஒப்பாரியை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்து, "கல்லு மாதிரி குந்திக்கினு இருக்காரு பாரு" என்றாள். எழுந்து எல்லோரையும் அறையலாம்போல் இருந்தது. ஆனால் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அம்மாவே பல மாதம் அந்த முகத்துக்கு முன்னால் தோற்றுப்போனவள்தானே.

குளிப்பாட்டி முடிந்து வாய்க்கரிசி போட ஆரம்பித்தார்கள். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, ரொம்ப நல்ல மனிதர். அப்பாவை மெல்ல எழுப்பி, கைத்தாங்கலாகப் பிடித்துவந்து, அவர் வலது கையில் அரிசியை வைத்தார். அப்பா குனிந்தார். கை ஆட ஆரம்பித்தது. நான் அதுவரை அவ்வளவு வேகத்தைப் பார்த்ததில்லை. அரிசி அம்மாவின் வாயில் விழவில்லை. கன்னத்தில், மூடிய கண்ணில், பொட்டின்மேல் எல்லாம் சிதறியது. அன்றைக்கு மாத்திரை கொடுக்க ஆள் இல்லை, அதனால்தான் அந்த ஆட்டம் என்று டாக்டர் சொல்லக்கூடும். சொல்லிக்கொள்ளட்டும்.

"மெதுவா, மெதுவா" என்று பெரியப்பா இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கை அடங்கியது. உதவி செய்கிறோம் என்றுதான் அவர் நினைத்தார். அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ஒன்றும் இல்லை, இப்போது கையிலும் ஒன்றும் இல்லை. அவரிடம் மிச்சமிருந்த ஒரே வழியையும் பிடித்து நிறுத்தியாகிவிட்டது.

"பெரியப்பா, கைய உடுங்க" என்றேன்.

"சிந்துதேம்மா."

"சிந்தட்டும். அவரு அழுவறாரு. உடுங்க."

பெரியப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையைக் காட்டினேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது, ஆனால் பிடியைத் தளர்த்தினார். கை துடித்தது. அரிசி அம்மாவின் மாலைமேலும் கோடிச் சேலைமேலும் மண்ணிலும் கொட்டிக்கொண்டே இருந்தது. சின்னம்மா எழுந்து வந்து, காலியான அந்தக் கையில் இன்னும் ஒரு பிடி அரிசி வைத்தாள். அப்புறம் யாரும் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.